விண்டோ ராக் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நேற்று ஃபோனில் நீ சொன்னதில் அம்மா காதில் பாதிதான் விழுந்தது. "ஏதோ பாலைவனத்துக்கு அனுப்புறாங்களாம், சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்னு கேளுங்க" என்றாள். விண்டோ ராக் அரிசோனாவில் நவஹோக்களின் தலைநகர், பாலைவனம் மட்டும் இல்லை, ஏறக்குறைய ஊட்டி உயரம், பனி கொட்டும் ஊர் என்று சொன்னேன். உடனே ஸ்வெட்டர் கவலை வந்துவிட்டது. நான் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் நீ வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

1940, 50-களில் அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களைப் பற்றிப் பத்திரிகைகள் என்ன எழுதின என்பதுதான் உன் கட்டுரை என்றாய். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவனுக்கு ரிட்டயர் ஆனபிறகு வேறென்ன வேலை?

1947 குளிர்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளுக்குத் திடீரென்று நவஹோக்களின் பட்டினி கண்ணில் பட்டது. ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாக உணவு போகிறது, நம் நாட்டுக்குள்ளேயே பசியா என்று எழுதினார்கள். ஊரெல்லாம் துணிமணியும் உணவும் திரட்டி அனுப்பியது. டிசம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் அறிக்கை விட்டார். 1950-ல் சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனைக்கென்று ஏறக்குறைய 8.8 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அந்தக் கூச்சல் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் 1946-லேயே சீ டாட்ஜ் என்ற நவஹோ தலைவர், எண்பதைத் தாண்டிய வயதில், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாஷிங்டன் போய்ப் பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறார். முப்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்று அமெரிக்க அரசாங்கம் நவஹோக்களோடு செய்த 1868 ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தது. எழுபத்தெட்டு வருஷ பாக்கி! அதற்கு இவ்வளவு பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டதாக நான் பார்த்தவற்றில் இல்லை. பட்டினியைப் படம் பிடிக்கலாம், வராத வாத்தியாரை எப்படிப் பிடிப்பது?

பட்டினியும் பனியில் முளைத்தது இல்லை. 1930-களில் மண் அரித்து ஹூவர் அணைக்கு வண்டல் போகிறது என்று சொல்லி, பழங்குடி விவகார ஆணையர் காலியர் காலத்தில் அவர்களுடைய மந்தையை ஏறக்குறைய பாதியாக்கினார்கள். விலைக்கு வாங்கிய ஆடுகளை ஓட்டிப்போக வழியில்லாமல் பள்ளத்தாக்குகளில் சுட்டுப் போட்டதும் நடந்தது. அங்கே மந்தை பெரும்பாலும் பெண்கள் சொத்து. கறி, கம்பளி, நெசவு எல்லாம் அதிலிருந்துதான். போர் முடிந்து பட்டாளச் சம்பளமும் நின்றபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை. நீ எழுதும்போது ஆட்டிலிருந்து தொடங்கு.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 1943-லிருந்து 1957 வரை நவஹோ மொழியிலேயே ஒரு மாதப் பத்திரிகை வந்திருக்கிறது. 'ஆதஹோநிலிகீ' என்று பெயர், நடக்கிற சேதிகள் என்று பொருள். ராபர்ட் யங் என்ற வெள்ளைக்காரரும் வில்லியம் மார்கன் என்ற நவஹோவும் சேர்ந்து நடத்தினார்கள். போர்ச் செய்தி, பழங்குடி மன்றத் தீர்மானம், பள்ளிக்கூடச் சேதி எல்லாம் வரும். அச்சுக்கே புதிதான மொழி. உயிரெழுத்து நான்குதான், ஆனால் மூக்கால் ஒலித்தால் எழுத்தின் காலில் ஒரு கொக்கி, குரல் உயர்ந்தால் தலையில் ஒரு கோடு. 'அஸே' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் மருந்து, உயர்த்திச் சொன்னால் வாய். ஒரு கோடு விழாமல் போனால் வாய் மருந்தாகிவிடும்! 1978-ல் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, னை எல்லாம் தும்பிக்கையை உதிர்த்தபோது நாங்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். அந்த புரூஃபை யார் பார்த்தார்களோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அது அரசாங்கப் பத்திரிகை என்பதை மறக்காதே. பள்ளிக்கூடத்தில் நவஹோ பேசிய பிள்ளையின் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவிய அதே அரசாங்கம். போரில் அதே மொழியைச் சங்கேதமாக்கி, 'ஆமை' என்றால் டாங்கி, 'இரும்பு மீன்' என்றால் நீர்மூழ்கி என்று வைத்துக்கொண்டதும் அதுதான். ஆனாலும் அவர்களைப் பற்றிய சேதி அவர்கள் பேச்சிலேயே அவர்களிடம் திரும்பிப் போயிற்று. அதைத்தான் நான் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் உனக்குச் சொன்னதில்லை. ஆள் இல்லாத ஒரு கோடையில் என்னையும் செய்தி எடுக்க அனுப்பினார்கள். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். குடத்தைக் கொஞ்சம் கவிழ்த்துப் பிடிங்கம்மா என்று ஒரு அம்மாவிடம் நான்தான் சொன்னேன். படம் முதல் பக்கத்தில் வந்தது, பாராட்டினார்கள். மறு வருஷம் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது அந்த அம்மா அடையாளம் கண்டுகொண்டு, "தம்பி, படம் பிடிச்சீகளே, அப்புறம் என்னாச்சு?" என்றார். ஒரு பேப்பர்கூட நான் அவருக்கு அனுப்பியிருக்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று நழுவி வந்துவிட்டேன்.

யுரேனியத்தைப் பற்றியும் கேள். அதே வருஷங்களில் கோவ், லுகாச்சுகாய், மான்யுமென்ட் வேலி பக்கமெல்லாம் சுரங்கம் வெட்டினார்கள். 1950-லிருந்து பொதுச் சுகாதாரத் துறை தொழிலாளிகளைப் பரிசோதித்தது, ஆபத்தை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. யுரேனியத்துக்கு அவர்கள் சொல் 'லேட்ஸோ', மஞ்சள் மண். உன் கட்டுரையில் அந்தச் சொல்லும் வரட்டும்.

வீட்டுக்குப் போனால் காரை விட்டு உடனே இறங்கிக் கதவைத் தட்டாதே. ஆள் வெளியே வரும்வரை வண்டியிலேயே இரு, அதுதான் அங்கே மரியாதையாம். விரல் நீட்டிக் காட்டாதே. இறந்தவர்களைப் பற்றிச் சட்டென்று கேட்டுவிடாதே. எந்தக் குலம் என்று முதலில் கேட்பார்கள், அம்மா வழிதான் முதலில் சொல்ல வேண்டும். உன் அம்மாவிடம் சொன்னேன், முகமெல்லாம் சிரிப்பு.

வயதானவர் யாராவது கிடைத்தால் எனக்காக ஒன்று கேள்: அந்த மாதத் தாள் உங்கள் வீட்டுக்கு வந்ததா, வந்தால் யார் படித்துக் காட்டினார்கள்? பதில் கிடைத்தால் ராத்திரி என்று பார்க்காமல் ஃபோன் பண்ணு. கட்டுரை அச்சானதும் எனக்கு அனுப்புவதற்கு முன் அவருக்கு ஒரு பிரதி தபாலில் போடு. விலாசத்தை அங்கேயே, அவர் முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்.

ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

அப்பா