சுவருக்குள் போகும் கேபிளை உரித்துப் பார்த்து வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்காகத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகள் மின் ஒயரின் தடிமன், சுவிட்சுகளின் தரம் ஆகியவற்றை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஆனால், டி.வி.க்கும் இணைய மோடத்துக்கும் அதே சுவருக்குள் செல்லும் கோஆக்சியல் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதன்மேல் உலோகக் கவசம் கொண்டது), பூச்சு முடிந்தபின் எளிதில் மாற்ற இயலாததாக இருந்தும், ஓரிரு வரிகளைத் தாண்டிப் பேசப்படுவதில்லை.

வீட்டு உபயோகத்துக்கு உரியது 75 ஓம் கேபிள் (ஓம் என்பது இங்கே சிக்னலுக்குக் கேபிள் காட்டும் மின்மறிப்பின் அளவு; கருவியும் கேபிளும் இதில் ஒத்திருக்க வேண்டும்). பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் ஆர்.ஜி.58 (ஆர்.ஜி. எண்கள் கேபிள் வகையின் பெயர்கள்), ரேடியோ கருவிகளுக்கான 50 ஓம் வகையாதலால் இங்கே பொருந்தாது. 75 ஓம் வகையிலும் மெலிந்த ஆர்.ஜி.59, பழைய அனலாக் கண்காணிப்பு கேமராக்களுக்குப் போதுமே தவிர, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும் டிஷ் சிக்னலுக்குப் போதாது. அதைவிடத் தடித்த 75 ஓம் வகையான ஆர்.ஜி.6 கேபிளிலேயே, 1000 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் கடப்பதற்குள் சிக்னலின் திறன் ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும் எனும்போது, அதைவிட மெலிந்த கேபிளைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனம் எதுவும் இல்லை.

மேலுறையில் ஆர்.ஜி.6 என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். நடுக்கம்பி முழுச் செம்பா, செம்பு முலாம் பூசிய எஃகா என்பதை அந்த எழுத்துகள் சொல்வதில்லை. உயர் அதிர்வெண் சிக்னல் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே செல்வதால், கேபிள் டி.வி.க்கு முலாம் பூசிய கம்பியே தாராளமாகப் போதும். டிஷ் ஆண்டெனாவின் நிலை வேறு. அதன் முனையில் சிக்னலை வாங்கிப் பெருக்கித் தரும் எல்.என்.பி. என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரத்தை (டி.சி.) செட்டாப் பாக்ஸ் இதே கம்பி வழியாகத்தான் அனுப்புகிறது. நேர்மின்சாரம் கம்பியின் முழுக் குறுக்குவெட்டையும் பயன்படுத்துவதால், எஃகுக் கம்பியின் மின்தடை செம்பினுடையதைப் போல் சுமார் நான்கு மடங்காகிறது. குறுகிய தூரத்தில் இதனால் பெரிய பாதிப்பு இல்லை. நீண்ட தூரத்தில் 18 வோல்ட் உரிய அளவில் போய்ச் சேராவிட்டால், அந்த வோல்ட்டை வைத்து எல்.என்.பி. தேர்ந்தெடுக்கும் ஒரு பகுதி சேனல்கள் மட்டும் வராமல் போகும். பழியோ செட்டாப் பாக்ஸின் மேல் விழும். வாங்கும்போதே முனையை உரித்து, நடுக்கம்பியைப் பிளேடால் சுரண்டினால் எஃகின் வெண்மை தெரிந்துவிடும்; காந்தமும் ஒட்டிக்கொள்ளும்.

நான்கு அடுக்குக் கவசம் கொண்ட கேபிளை எல்லா வீட்டுக்கும் பரிந்துரைப்பது, என் கருத்தில், விற்பனைப் பேச்சே. அலுமினியத் தாளும் நெருக்கமான பின்னலும் உள்ள சாதாரண ஆர்.ஜி.6 கேபிளை வாங்கி, மிச்சமாகும் பணத்தை, கேபிள் முனையில் கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் வகைக் கனெக்டர்களுக்குச் செலவிடலாம். பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் இணைப்பு ஷார்ட் ஆகிவிடும் என்பதால், இரண்டு கேபிள்களை முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தை (நம் எலக்ட்ரீஷியன்கள் மன்னிக்க வேண்டும்) அடியோடு கைவிட வேண்டும்.

வெயில் படும் இடங்களில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கறுப்பு மேலுறை அவசியம். சுவருக்குள் மின் ஒயர் செல்லும் பைப்பில் இதைச் சேர்க்காமல் தனிப் பைப் பதிக்க வேண்டும். வளைவுகளும் ஏழு சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது, ஏனெனில் திடீரென மடிக்கப்பட்ட கேபிளில் உள்ளிருக்கும் நுரைக் காப்பு நசுங்கி, அந்த இடத்தில் 75 ஓம் என்ற அளவே மாறிவிடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்