வெட்டாத படத்தை அனுப்பு, அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய பறவைப் படங்களை எல்லாம் பார்த்தேன். புதிய லென்ஸ் நன்றாக உழைக்கிறது. இறகின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது, கண்ணுக்குள் சூரியன் கூடத் தெரிகிறது. ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. பறவையைச் சுற்றியிருந்த நிலத்தை நீ வெட்டி எறிந்துவிட்டாய். நான் தேடிய விடை அந்த நிலத்தோடு போய்விட்டது.

காங்கேயத்துக் கொறங்காட்டில், அந்த வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், எடுத்த பழுப்புக் குருவியையே எடுத்துக்கொள். அங்கே சிட்டுக்குருவி அளவில், மண் நிறத்தில் திரிகிறவை பல. சாம்பல்தலை வானம்பாடியின் ஆணுக்கு வயிறும் கண்பட்டையும் கறுப்பு, அதில் குழப்பமே இல்லை. பெண்ணுக்கு அந்த அடையாளம் கிடையாது, உடம்பெல்லாம் புழுதி நிறம்தான். ஜெர்டன் வானம்பாடியும் பழுப்பு, நெட்டைக்காலியும் பழுப்பு. பக்கவாட்டில் நெருங்கி எடுத்து, பின்னால் பச்சையும் மஞ்சளுமாகக் கரைந்துபோன படத்தில் மூன்றும் உறவுக்காரர்கள் போலத்தான் இருக்கும். இப்போது வெட்டாத படத்தை நினைத்துப் பார். குருவி கிளுவை வேலியின் உச்சியிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்திருந்தால், அது பெரும்பாலும் ஜெர்டன் வானம்பாடிதான். சாம்பல்தலை வானம்பாடி தரையை விட்டால் வானம் என்றிருப்பது. மரத்தையும் புதரையும் அது நாடுவதில்லை, ஆண் எப்போதாவது கம்பியில் உட்காருவதோடு சரி. தரையில் நீண்ட கால்களோடு விறுவிறுவென்று நடந்து, நின்று, வாலை மேலும் கீழும் ஆட்டியிருந்தால் நெட்டைக்காலி. இதைச் சொல்ல இறகின் இழை வேண்டியதில்லை. அரை அடி வேலியும் ஒரு கொத்துக் கொழுக்கட்டைப் புல்லும் படத்தில் இருந்திருந்தால் போதும்.

அதனால் உன்னிடம் நான் கேட்பது இதுதான்: முதல் படம் எப்போதும் எட்டத்திலிருந்து இருக்கட்டும். பறவை சின்னதாக விழுந்தாலும் பரவாயில்லை. அது எதன் மேல் நிற்கிறது, பக்கத்தில் மாடு மேய்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, வெள்வேல மரம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரட்டும். அதன் பிறகு நெருங்கிக்கொள். பறக்கும்போது மங்கலாக விழுந்த படத்தையும் அழித்துவிடாதே. ஜெர்டன் வானம்பாடியின் இறக்கையில் இருக்கும் செம்பழுப்பு உட்கார்ந்திருக்கையில் பாதி மறைந்துவிடும், விரித்தால்தான் முழுதாகத் தெரியும். குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் இன்னும் கடினம். பெண்ணையும் இளசையும் பிரித்தறிய இறக்கையின் மேற்புறம், அடிப்புறம், கழுத்தைச் சுற்றிய வெளிர்ப்பட்டை எல்லாமே வேண்டும். அழகான ஒரே படத்தைவிட அழகில்லாத நான்கு படங்கள் அங்கே உதவும்.

கொக்குகளுக்கு மட்டும் இதற்கு நேர்மாறு. 2024-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளத்துக்கு நீ அடிக்கடி போகிறாய் அல்லவா? அங்கே நெருக்கமான படம்தான் உதவும், அதுவும் முகம். பெரிய வெண்கொக்குக்கு வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தர வெண்கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். சின்னக் கொக்கைக் கறுப்புக் காலும் மஞ்சள் பாதமும் காட்டிக்கொடுக்கும், ஆனால் அது சேற்றிலிருந்து காலைத் தூக்கும்வரை நீ காத்திருக்க வேண்டும். வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வை. உன் கொக்குப் படங்களில் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருக்கிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மேட்டுக்காட்டில் வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும். அதற்குப் பிறகு தூரத்துப் பறவை எந்த லென்ஸிலும் நெளியும். அதை ஃபோகஸ் கோளாறு என்று எண்ணிக் கடைக்குப் போகாதே. விடிந்ததும் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துக்கொள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கம்பியில் உட்காரும் பறவைகள் பெரும்பாலும் காற்றுக்கு முகம் கொடுத்து, மேற்கே பார்த்துத்தான் இருக்கும். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அதை வைத்தே முடிவு செய். காரில் போனால் இறங்காமல் எடு. மனித உருவத்துக்குப் பயப்படும் அளவுக்குப் பறவைகள் வண்டிக்குப் பயப்படுவதில்லை.

இந்த வேலை வீணாகாது என்பதை நீ நம்ப வேண்டும் என்று விரும்புகிறேன். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டு இணையதளத்தில் பதிந்த குறிப்புகளிலிருந்து எழுந்தது. பெரும்பாலும் உன்னையும் என்னையும் போன்றவர்கள். திறந்த வெளியிலும் புல்வெளியிலும் வாழும் பறவைகள் வேகமாகக் குறைகின்றன என்று அது சொல்கிறது. நம் கம்பிகளில் நீல இறக்கை காட்டும் பனங்காடையும் அந்தக் கவலைப் பட்டியலில் இருக்கிறது. கொறங்காடுகளை மனை பிரித்து விற்பதை நீயே பார்க்கிறாய். புல்லும் வேலியும் மாடும் பறவையும் சேர்ந்து விழுந்த ஒரு படம், தேதியோடும் இடத்தோடும் பதிவானால், அந்தக் காடு எதை வாழவைத்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கும். வெறும் பறவை முகத்துக்கு அந்த வலு இல்லை. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும்போது உன் ஊர்க் காட்டையே எடுத்துக்கொள். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போக நிறையப் பேர் இருக்கிறார்கள், உன் ஊருக்கு யாரும் இல்லை.

கடைசியாக, நீ கேட்ட மஞ்சள் மூக்கு ஆள்காட்டி முட்டை. இடத்தை நான் சொல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. அது வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும் பறவை. இந்தச் சித்திரை வெயிலில் தாய் முட்டை மேல் உட்காருவது சூடேற்றுவதற்கு மட்டும் அல்ல, நிழல் கொடுப்பதற்கும்தான். வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கவும் செய்யும். நீ கேமராவோடு நிற்கும் நேரமெல்லாம் அது எட்ட நின்று கத்திக்கொண்டிருக்கும், முட்டை வெந்துகொண்டிருக்கும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று எதையெல்லாம் சொல்கிறதோ, அதில் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் அடக்கம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பொரிந்துவிடும். பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து ஓடும் குஞ்சுகள் அவை. காட்டுக்காரரிடம் நான் பேசி வைக்கிறேன். சாலையோரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை மட்டும் இறக்கி, வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அன்று விடியற்காலை ஐந்தரைக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன், தயாராக இரு.

அன்புடன்,
சித்தப்பா