டிசம்பரில் வேண்டாம் பிள்ளை, ஒக்டோபரில் வா

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றுப் போனில், "அப்பா, டிசம்பர் கடைசியில் வரட்டா?" என்று கேட்டாய். அம்மா உடனே ஓம் என்று சொல்லிவிட்டா. நீ எப்போது வந்தாலும் அவவுக்குச் சந்தோசம். எனக்கும் அப்படித்தான். ஆனால் போனை வைத்த பிறகு நித்திரை வரவில்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்றிருந்தது. போனில் எனக்கு ஒழுங்காகக் கதைக்க வராது, உனக்குத் தெரியும். அதுதான் எழுதுகிறேன்.

டிசம்பரில் வராதே. ஒக்டோபரில் வா. ஒக்டோபர் இரண்டாவது திங்கள் இங்கே கனடாவில் தாங்ஸ்கிவிங் விடுமுறை. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை வந்து இறங்கினால், நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் வரை நிற்கலாம். மூன்று நாலு கிழமை வரும். டிசம்பரில் இங்கே என்ன இருக்கிறது? பின்னேரம் நாலே முக்காலுக்கே இருட்டிவிடும். றோட்டெல்லாம் பனிக்குப் போட்ட உப்பு. பனிக்குள் தூரம் கார் ஓட அம்மா என்னை இப்போது விடுவதில்லை. நீ வந்தாலும் மூன்று பேரும் வீட்டுக்குள்ளேயே இருப்போம்.

இலையுதிர் காலந்தான் எனக்குப் பிடித்த காலம் என்று உனக்கு நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சின்ன வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தேன், அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன்.

நான் கனடாவுக்கு வந்து இறங்கியதும் ஒரு ஒக்டோபரில்தான். ஊரில், யாழ்ப்பாணத்தில், வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டும். ஒரு கிளை கொட்டிக்கொண்டிருக்க மற்றக் கிளையில் குருத்து வந்துவிடும். ஒரு வீதி முழுக்க எல்லா மரமும் சேர்ந்து நிறம் மாறி நிற்பதை நான் அதுவரை கண்டதில்லை. விமான நிலையத்தில் இருந்து ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம் ஸ்காபுறோவுக்கு வருகிற வழியெல்லாம் யன்னலோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். கூட்டிவந்த மாமா, "இன்னும் இரண்டு கிழமையில் எல்லாம் மொட்டையாகிவிடும், பார்" என்றார். அவர் பயப்படுத்தச் சொன்னார். எனக்கோ, அந்த இரண்டு கிழமையையும் விடாமல் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அன்றிலிருந்து ஒரு வருசமும் விட்டதில்லை.

நிறம் ஏன் மாறுகிறது என்று எனக்குப் படிப்பித்ததே நீதான். எட்டாம் வகுப்பில் பெரிய மட்டையில் இலைகளை ஒட்டி ஒரு புரொஜெக்ற் செய்தாயே. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைச் செய்வதை நிறுத்திவிடும், இலைக்குள் ஏற்கெனவே இருக்கிற மஞ்சள் அப்போதுதான் தெரியவரும் என்று சொன்னாய். சிவப்பு அப்படியில்லை, அது அந்த நேரத்தில் இலைக்குள் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருந்தால் இலையில் தேங்கும் சீனியில் இருந்து அது வரும். அன்றிலிருந்து செப்டெம்பர் கடைசியில் நான் காலநிலைச் செய்தியை வேறு மாதிரிப் பார்க்கப் பழகிவிட்டேன். பகல் வெளிச்சமாக இருந்து இரவு உறையாமல் குளிர்ந்தால், இந்த வருசம் சிவப்பு நன்றாக இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லுவேன்.

எங்கள் வீட்டு முன்னுக்கு நிற்கிற மேப்பிள் சிவக்காது. மஞ்சள்தான். அது ஐரோப்பாவில் இருந்து கொண்டுவந்த நோர்வே மேப்பிள். உனக்குப் பத்து வயதிருக்கும்போது அதன் இலைகளில் தார் சொட்டின மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. மரத்துக்கு வருத்தம் வந்துவிட்டது, செத்துவிடும் என்று அழுதாய். அது ஒரு பூஞ்சணம். மரத்தைக் கொல்லாது. ஒவ்வொரு வருசமும் வருகிறது, மரமும் நிற்கிறது. அன்று உன்னைத் தேற்ற ஒரு இலையைப் பிடுங்கிக் காம்பை முறித்துக் காட்டினேன். வெள்ளையாகப் பால் கசிந்தது. சீனிப்பாகு எடுக்கிற மேப்பிளில் இப்படிப் பால் வராது. எனக்கு ஊரில் பலாவிலை பிடுங்கினால் கையில் ஒட்டுகிற பால்தான் ஞாபகம் வந்தது. அப்பம்மா பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதில் கூழ் வார்த்துத் தருவா. அந்தக் கதையை உனக்கு அந்த மரத்தடியில் வைத்துத்தான் முதன்முதல் சொன்னேன். நீ உடனே மேப்பிள் இலையைக் கோலிப் பார்த்தாய். அது நிற்கவில்லை, கிழிந்துவிட்டது.

இலை கூட்டுவது எனக்கு வேலையாகவே தெரிவதில்லை. வந்த புதிதில், சனங்கள் இலையைப் பெரிய பழுப்புக் கடதாசிப் பைகளில் அடைத்து வீதியோரம் வைப்பதைக் கண்டு மனம் பதைத்தது. ஊரில் மண்ணுக்கு உரமாகக் குழை தாழ்க்கப் பூவரசங்குழையைக் காசு கொடுத்து வாங்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். இங்கே இவ்வளவையும் எறிகிறார்களே என்று நினைத்தேன். நகரசபை அதை எடுத்துப்போய் உரமாக்குகிறது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது புள்ளி விழுந்த இலைகளை மட்டும் பையில் போட்டுக் கொடுக்கிறேன். அந்தப் பூஞ்சணம் விழுந்த இலையில் இருந்துதான் அடுத்த வருசம் மேலே ஏறுமாம். பக்கத்து வீட்டு ஓக் மரத்து இலையெல்லாம் எங்கள் பின்வளவுக்குத்தான். கத்தரியும் மிளகாயும் நட்ட பாத்தியில் முழங்கால் உயரத்துக்குக் குவித்துவிடுவேன். பனி விழுந்து அமத்தி, சித்திரையில் பார்த்தால் நாலு விரல் உயரத்துக்குக் கறுத்துப்போய்க் கிடக்கும். தூக்கினால் அடியில் மண்புழு. ஓக் இலை மெதுவாகத்தான் உக்கும். பரவாயில்லை.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

1995 ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. அன்று இரவு இங்கே தொலைக்காட்சி முழுக்கக் கியூபெக் மாகாண வாக்கெடுப்பு. நாடு ஒன்றாக இருக்குமா பிரியுமா என்று கனடா முழுவதும் விழித்திருந்தது. பிரிய வேண்டாம் என்பதற்கு 50.6 வீதம் விழுந்தது. அதே நாளில்தான் அங்கே யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டது. லட்சக்கணக்கான சனம், மழையில், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு. எனக்கு அது மறுநாள்தான் தெரியும். அப்பம்மா எங்கே என்று யாருக்கும் தெரியாது. கொழும்புக்கு எடுத்தால், விசாரித்துச் சொல்கிறோம் என்பார்கள். அப்போது நாங்கள் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். படுக்கிற நேரம் தவிர நான் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். உனக்கு இரண்டு வயது. அம்மா உன்னை வெளியே கூட்டிப்போய் வரும்போதெல்லாம் கையில் ஒரு இலையோடு வருவாய். நேரே வந்து போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாய். ஒவ்வொன்றாக. எடுத்து எறிய எனக்கு மனம் வரவில்லை. பதினேழு நாளுக்குப் பிறகு, அப்பம்மா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறா என்று செய்தி வந்தது. அப்போது அந்த மேசையில் போன் தெரியாத அளவுக்கு இலை கிடந்தது. எல்லாம் காய்ந்து சுருண்டுபோயிருந்தன. அம்மா அவற்றில் ஒன்றை எடுத்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினா. வீடு மாறியபோது உடைந்துவிட்டது.

அந்த வருசம் நான் வெளியே போய் ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்க்காமல் விட்ட வருசம் என்று அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நீ கொண்டுவந்து தந்தாயே.

சரி. வந்தால் எங்கெல்லாம் போவது என்று சொல்கிறேன். வடக்கே அல்கொன்குவின் பூங்காவுக்கு இந்த முறை நாங்கள் பிந்திவிடுவோம். அங்கே செப்டெம்பர் கடைசியிலேயே மேப்பிள் சிவந்து, தாங்ஸ்கிவிங் வரும்போது பெரும்பாலும் கொட்டிவிடும். நிறம் வடக்கில் இருந்து இறங்கி வர எங்கள் பக்கத்துக்கு ஒக்டோபர் நடுவாகிவிடும். ஆனாலும் ஒரு நாள் போவோம். 60ஆம் இலக்கப் பெருந்தெரு பூங்காவுக்குள்ளால் 56 கிலோமீற்றர் போகிறது. மேப்பிள் கொட்டினாலும் பொப்ளர் மஞ்சளாக நிற்கும். அதற்குப் பிறகு தமராக் இருக்கிறது. ஊசியிலை மரந்தான், ஆனால் ஊசியெல்லாம் பொன்னிறமாகி உதிர்ந்துவிடும். மற்ற மரமெல்லாம் முடிந்த பிறகு அது தனியே சதுப்புக்குள் எரிகிற மாதிரி நிற்கும். எனக்கு அது மேப்பிளை விடப் பிடிக்கும்.

ஹைலண்ட் கிறீக் ஆற்றுக்குச் சமன் மீன் பார்க்கக் கூட்டிப்போனது ஞாபகமா? கரையில் குந்தியிருந்து, "அப்பா, இது ஏன் இவ்வளவு கஷ்டப்படுது?" என்று கேட்டாய். செப்டெம்பரில் தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் ஒன்ராறியோ வாவியில் இருந்து அவை ஆற்றுக்குள் ஏறும். முழங்கால் ஆழமில்லாத தண்ணீரில் முதுகு வெளியே தெரியத் தெரியக் கல்லில் உராய்ந்து உராய்ந்து போகும். செதில் போய், வால் தேய்ந்து, உடம்பில் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்திருக்கும். முட்டை இட்ட பிறகு செத்துவிடும். அந்தச் சினூக் சமன் பசிபிக் கடல் மீன். 1960களின் கடைசியில் கொண்டுவந்து இந்த வாவியில் விட்டார்கள். கொண்டுவந்து விட்ட இடத்தில் ஆற்றைக் கண்டுபிடித்து ஏறுகிறதே என்று அன்று உனக்குச் சொன்னேன். உனக்கு விளங்கியிருக்காது, எட்டு வயது. நீ வருகிற நேரம் கடைசி மீன்கள் நிற்கும். வந்த மறுநாளே போக வேண்டும்.

மூலை வீட்டு ஜிங்கோ மரத்தை மட்டும் நாள் குறித்துப் பார்க்க முடியாது. மற்ற மரங்கள் கிழமைக் கணக்காகக் கொட்டும். அது காத்திருந்து, நல்ல குளிர் விழுந்த ஒரு காலையில் மொத்தமாகக் கொட்டிவிடும். மூன்று வருசத்துக்கு முன் ஒரு நாள் அம்மாவும் நானும் நடக்கப் போன நேரம் அது கொட்டத் தொடங்கியது. காற்று இல்லை. சின்ன விசிறி மாதிரியான மஞ்சள் இலைகள் நேரே கீழே விழுந்தன, தூறல் சத்தம் போல. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. முடியும் வரை நின்றோம். உனக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நான் இரவு வேலை செய்த காலத்தில் மணிக்கூடு திருப்பும் இரவு எனக்குத்தான் விழும். எட்டு மணித்தியால வேலை ஒன்பதாகிவிடும். மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் அந்த இரவுக்காகவே காத்திருப்பேன். அதுவரை காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் கும்மிருட்டு. அன்று வெளியே வர வெயில். வீடு வரைக்கும் வீதியின் இரண்டு பக்கமும் நோர்வே மேப்பிள்கள், கடைசியாகக் கொட்டுகிறவை, அந்தப் புது வெளிச்சத்தில் நிற்கும். கார்க் கண்ணாடியைப் பதித்துவிட்டு மெதுவாக ஓட்டி வருவேன். நீங்கள் இரண்டு பேரும் நித்திரையாக இருப்பீர்கள்.

நீ இருக்கிற இடத்தில் வருசம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணித்தியாலம். ஒக்டோபரும் ஏப்ரலும் ஒன்று மாதிரி. நன்றாக இருக்கிறது, வேலையும் நல்லது என்று சொல்கிறாய், எனக்குச் சந்தோசம். ஆனால் போன மாதம், "எந்த மாதம் என்றே மறந்துபோகுது அப்பா" என்று சொன்னாய் பார், அது என் மனதை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆறு பெரும்பொழுது படிப்பித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஊரில் அந்த மாதங்களில் வாடைக்காற்று வந்தால் அப்பம்மா, "கூதலடிக்குது, போர்த்துக்கொள்ளு" என்பா. கூதிரும் கூதலும் ஒரே வேர்ச்சொல்தான். இங்கே அதே ஐப்பசியில் காலையில் கதவைத் திறந்தால் அதே கூதல் முகத்தில் அடிக்கும். மழை வாசத்துக்குப் பதிலாக ஈர இலை வாசம். ஒரு நிமிடம் கதவைத் திறந்தபடியே நிற்பேன், அம்மா ஹீற்றர் போடுகிறது என்று கத்துமட்டும்.

கறிவேப்பிலைச் சாடியையும் மல்லிகைச் சாடியையும் செப்டெம்பர் கடைசியிலேயே உள்ளே எடுத்துவிடுவோம். இந்த வருசம் கறிவேப்பிலை யன்னல் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, தனியே தூக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கேட்கிறேன். நவராத்திரி நீ வருவதற்கு முன்னமோ பின்னமோ வரும், அம்மா திகதி பார்த்துச் சொல்லுவா. மக்கின்ரொஷ் அப்பிள் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னா. அவ அப்பிளில் போடுகிற அச்சாறு உனக்குப் பிடிக்குமே. ஒன்ராறியோவிலேயே முதன்முதல் கண்டெடுத்த இனம் அது, 1811இல். புளிப்பு இருக்கிறபடியால் அச்சாறுக்குத் தோது.

லீவுத் திகதியை எழுதி அனுப்பு. டிக்கெற் நான் போடுகிறேன். நீ வரும் வரை முன்பக்கத்து இலையைக் கூட்டாமல் விடுகிறேன், பக்கத்து வீட்டார் ஏதும் நினைத்தால் நினைக்கட்டும். உன்னுடைய நீல ஜக்கெற் அலுமாரியில்தான் இருக்கிறது. நாளைக்கு வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா