சுபௌல் எங்கே இருக்கிறது? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் செய்திப் பிரிவில் இருக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் இருபது மெஷின் போட்டு பவர்டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் பட்டறை, நடத்துகிறேன். காலையில் பேப்பர், இரவில் டிவி என்று உங்கள் செய்திகளோடுதான் என் நாள் போகிறது. உங்களிடம் சின்னதாக ஒரு கோரிக்கை இருக்கிறது. ‘வடமாநில வாலிபர்’, ‘வடமாநிலத் தொழிலாளி’, ‘இந்திக்காரர்’ என்று எழுதுகிறீர்களே, அந்த இடத்தில் அந்த ஆள் எந்த மாவட்டம் என்று எழுத முடியுமா? விபத்தில் இறந்தவர் நம்மூர்க்காரர் என்றால் ‘உசிலம்பட்டி அருகே’ என்று கிராமம் வரைக்கும் போகிறீர்கள். மற்றவர் என்றால் விந்திய மலைக்கு அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஊராகிவிடுகிறது.

இந்த யோசனை எனக்கு ஒரு படிவத்தை நிரப்பும்போது வந்தது. தொழிலாளர்களின் விவரம் கேட்டு வந்த படிவம் அது. எங்களிடம் பேட்லாக் என்ற தையல் மெஷினில் தைப்பவர் ஒருவர். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். “நிரந்தர முகவரி சொல்லு தம்பி” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஆதாரில் இருக்கும் ஊரா அண்ணா, இப்போது வீடு இருக்கும் இடமா?” என்று கேட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். “ஆதாரில் இருக்கும் ஊரில் இப்போது கோசி ஆறு ஓடுகிறது” என்றார்.

அவர் மாவட்டத்தின் பெயர் சுபௌல். பீகாரின் வடகிழக்கில், நேபாள எல்லையை ஒட்டி இருக்கிறது. முன்பு சஹர்சா மாவட்டத்தோடு இருந்தது. 1991 மார்ச் 14 அன்று தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில் 22 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. அதில் நகரத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடக் கிடையாது. நம்மூரில் அப்படி ஒரு மாவட்டத்தைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது. அங்கே தாய்மொழி மைதிலி. நம் வீடுகளில் பெண் குழந்தைக்கு வைக்கிறோமே, அதே பெயர்தான். மிதிலை நாட்டின் மொழி மைதிலி. ஜனகரின் மிதிலையைச் சிறுவயதிலேயே கதையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, அங்கிருந்து வந்து பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஆள் வெறும் ‘இந்திக்காரர்’ ஆகிவிட்டதுதான் வேடிக்கை.

தம்பியும் அவர் சித்தப்பா மகனும் பேசுவதை நான்கு வருஷமாகக் கேட்கிறேன். இந்தியில் ‘க்யா ஹுவா’ என்பதை இவர்கள் ‘கீ பேல்’ என்கிறார்கள். ‘மேரா நாம்’ இவர்களுக்கு ‘ஹமர் நாம்’. பெரியவர்களிடம் போனில் பேசும்போது ‘அஹாங்’ என்கிறார்கள், தம்பிமார்களிடம் ‘தோங்’ என்கிறார்கள். நாம் நீ, நீங்கள் என்று பிரிப்பதுபோல மரியாதைக்குத் தக்கபடி வினைச்சொல்லும் மாறும். அதோடு நிற்காது, யார் செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்ற இரண்டையும் வினைச்சொல்லே காட்டிவிடுமாம்.

இந்த மொழியும் இந்தியின் நிழலில் கிடந்ததுதான். 1991 கணக்கெடுப்பு வரைக்கும் மைதிலி பேசுபவர்களை இந்திக் கணக்கிலேயே சேர்த்தார்கள். 2003-இல் வந்த 92-ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் மைதிலியை எட்டாவது அட்டவணையில், அதாவது அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலில், ஏற்றியது. 2011 கணக்கில் 1 கோடியே 35 லட்சம் பேருக்கு மேல் மைதிலி என்று பதிந்திருக்கிறார்கள். பீகாரின் ஆட்சிமொழிகள் இந்தியும் உருதும். மைதிலிக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. மொழிக்காக இவ்வளவு போராடிய நாம், இன்னொரு மொழிக்காரரைப் பார்த்து ‘இந்திக்காரர்’ என்று எழுதலாமா? இதை மட்டும் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

சரி, ஆற்று விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் சுபௌலைச் சொல்ல முடியாது.

தம்பியின் அக்கா கல்யாணம் ஒரு தை மாதம் நடந்தது. கூப்பிட்டார், போனேன். சுபௌல் ஊரிலிருந்து ஆட்டோவில் மேற்கே போனால் திடீரென்று ஒரு மண் மேடு, மலைப்பாம்பு படுத்ததுபோல நீளமாகக் கிடக்கிறது. அதுதான் பாந்த், அதாவது வெள்ளத் தடுப்புக் கரை. ஏறி நின்றால் அந்தப் பக்கம் ஒரே ஆறு ஓடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மணல், நாணல், கோதுமை வயல், ஒரு ஓடை, மறுபடி மணல், மறுபடி ஓடை. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு சில இடங்களில் பத்து கிலோமீட்டர் வரும். அதற்குள்ளேதான் ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஒருவரை யார் என்று விசாரித்தால் சாதிக்கு முன்னால் வரும் கேள்வி: பாந்துக்கு உள்ளேயா, வெளியேயா?

படகில் எங்களோடு இரண்டு மோட்டார் சைக்கிள், நான்கு ஆடு, பெண்ணுக்குச் சீராகப் போகும் ஒரு இரும்புப் பெட்டி. நடு ஆற்றில் படகு மணலில் தட்டி நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். விருந்தாளி என்று என்னை மட்டும் ஆடுகளோடு உட்காரவைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் மணலில் நடை, மறுபடி ஒரு படகு.

வீடு என்பது மூங்கில் சட்டம், நாணல் தட்டி, மேலே தகரம். தட்டிகளைக் கட்டியிருக்கும் கயிற்றைக் காட்டி, அரை நாளில் அவிழ்த்துப் படகில் ஏற்றிவிடலாம் என்றார் தம்பியின் அப்பா. சாப்பாகல், அதாவது கைப்பம்பு, அதன் குழாயைக்கூட மண்ணிலிருந்து உருவிக்கொண்டுதான் போவார்களாம். அவருக்கு நினைவு தெரிந்து ஏழு இடம் மாறியிருக்கிறார்கள். தண்ணீரைக் கைகாட்டி, அங்கேதான் பள்ளிக்கூடம் இருந்தது, அதற்குத் தள்ளி எங்கள் மாமரம் என்று அவர் சொன்னபோது அந்த இடத்தில் ஒரு கொக்கு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

இவர்கள் ஏன் அங்கே போய் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். இவர்கள் போகவில்லை, கரைதான் இவர்களைச் சுற்றி வந்தது. இமயத்தில் எவரெஸ்ட் பக்கமிருந்தும் காஞ்சன்ஜங்கா பக்கமிருந்தும் வரும் தண்ணீர் சேர்ந்து, மலையளவு வண்டலைத் தூக்கிக்கொண்டு, சத்ரா என்ற இடத்தில் சமவெளிக்கு இறங்குகிறது. போட இடமில்லாமல் வண்டலைக் கொட்டிக்கொட்டித் தன் பாதையையே மாற்றிக்கொண்டு போவது கோசியின் குணம். சுமார் 200 ஆண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்கே 100 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கிறது. அதைக் கட்டிப்போட 1954 ஏப்ரலில் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் போட்டன. பீம்நகர் பக்கத்தில் நேபாள மண்ணில் 56 மதகுகளோடு தடுப்பணை கட்டினார்கள், இரண்டு பக்கமும் கரை போட்டார்கள். அந்த இரண்டு கரைக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிராமங்கள் சிக்கின. வெளியே வீட்டுமனை தருகிறோம் என்று சிலருக்குக் கொடுத்தார்கள். ஆனால் நிலத்துக்கு நிலம் கொடுக்கவில்லை. வயல் உள்ளே, மனை வெளியே என்றால் விவசாயி எங்கே இருப்பான்? வயலிடமே திரும்பிவிட்டான். 1987-இல் இவர்களுக்கென்று ஒரு மேம்பாட்டு ஆணையமும் அமைத்தார்கள். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அலுவலகத்தைப் பார்த்ததில்லை என்று தம்பியின் அப்பா சிரித்தார்.

வெளியே இருந்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? 2008 ஆகஸ்ட் 18 அன்று, தடுப்பணைக்கு மேலே நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. 9.5 லட்சம் கன அடி தாங்குவதற்குக் கட்டிய அமைப்பு, சுமார் 1.5 லட்சம் கன அடிக்கே போய்விட்டது. கோசி விட்டுப்போன பழைய பாதையில் புகுந்து, இனி ஆறு வராது என்று நினைத்திருந்த ஊர்களை மூழ்கடித்தது. சுபௌல், மதேபுரா, சஹர்சா, அரரியா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். தம்பியோடு அறையில் இருக்கும் இன்னொரு பையன் பாந்துக்கு வெளியே, சாத்தாபூர் வட்டாரம். அவன் அப்பா முதன்முதலில் பஞ்சாபுக்கு நடவு வேலைக்குப் போனது அந்த வருஷம்தானாம்.

2024 செப்டம்பர் 28 இரவு தடுப்பணையின் மதகுகள் எல்லாம் திறக்கப்பட்டன. 6.61 லட்சம் கன அடி. 56 ஆண்டுகளில் அவ்வளவு வந்ததில்லை. தம்பி இரண்டு நாள் மெஷினில் உட்காரவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஆடுகளோடும் அந்த இரும்புப் பெட்டியோடும் பாந்த் மேல் ஏறிவிட்டார் என்று மூன்றாம் நாள் தகவல் வந்தது. அடுத்த நாளே தம்பி ஊருக்குக் கிளம்பிவிட்டார். இரண்டே வாரத்தில், அக்டோபர் 11 அன்று, கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது. தர்பங்கா மைதிலி பேசும் நாட்டின் பெரிய ஊர். அந்த வெள்ளத்தையும் காட்டினீர்கள், இந்த விபத்தையும் காட்டினீர்கள். அந்த ரயிலில் இருந்தவர்களில் எத்தனை பேர் நனைந்த வீட்டைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று யாராவது கேட்டிருக்கலாம். எல்லாரும் ‘வடமாநிலப் பயணிகள்’ என்றால் அந்தக் கேள்வியே எழாதே.

தப்பு அந்தப் பக்கமும் உண்டு. 2023 மார்ச்சில், ஹோலிக்குச் சில நாள் முன்பு, தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் அங்கே பரவின. தம்பியின் அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். நானே வீடியோ காலில் வந்து முகம் காட்ட வேண்டியதாயிற்று. அங்கே இருப்பவர்களுக்குத் ‘தமிழ்நாடு’ ஒரே ஊர், இங்கே இருப்பவர்களுக்கு ‘வடக்கு’ ஒரே ஊர். வதந்திக்கு இந்த மாதிரி வெற்றிடம்தான் வேண்டும்.

நிர்வாகம் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எழுதும்போது உதவும். மாவட்டத்தில் சுபௌல், வீர்பூர், திரிவேணிகஞ்ச், நிர்மலி என்று நான்கு கோட்டங்கள், 11 வட்டாரங்கள். நம் கலெக்டர் அங்கே ‘டிஎம்’. நிலம், பட்டா விஷயத்துக்கு ‘சிஓ’, நம் தாசில்தார் மாதிரி. முகவரியில் ‘தானா’, அதாவது போலீஸ் ஸ்டேஷன் பெயர், கட்டாயம் இருக்கும். இன்னொன்று: பீகாரில் ஊராட்சித் தலைவர் ‘முகியா’. ‘சர்பஞ்ச்’ வேறு ஆள். கிராம கச்சஹரி என்ற ஊர் நீதிமன்றத்துக்குத் தேர்தலில் ஜெயித்து வருபவர். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

நிர்மலி கோசிக்கு மேற்கே இருக்கிறது, மாவட்டத் தலைநகர் கிழக்கே. நடுவில் இருந்த ரயில் பாலம் 1934 பூகம்பத்தில் போனது. சாலைப் பாலம் 2012-இல்தான் வந்தது, புது ரயில் பாலம் 2020-இல். நிர்மலியிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் சராய்கட்டுக்கு 22 கிலோமீட்டர். பாலம் வரும்வரை ரயிலில் போனால் 298 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அக்கரையில் பெண் கொடுத்தவர்கள் திருவிழாவுக்குக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

அந்தப் படிவத்தில் கடைசியில் ஆதாரில் இருந்த ஊரையே எழுதினோம். வேறு எதை எழுதினாலும் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார்கள். தாய்மொழி என்ற கட்டமே அதில் இல்லை. ஓரத்தில் பேனாவால் ‘மைதிலி’ என்று நானே எழுதி அனுப்பினேன்.

செய்தியில் அவர் மாவட்டத்தைப் போட்டால் எழுத்தைச் சரியாகப் போடுங்கள். சுபால் இல்லை, சுபோல் இல்லை. சு, பௌ, ல். சுபௌல்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து உங்கள் வாசகன்