சாப்பாடு போதும், இப்போது வேண்டியது வீடு: எங்கள் முதியோர் இல்லத்துக்காக ஒரு வேண்டுகோள்

ஊரவர்களுக்கும் வெளிநாட்டில் இருக்கிற நம்மட பிள்ளைகளுக்கும் இல்லக் கமிற்றியின் வணக்கம்.

முதலில் ஒரு விஷயம், யாரும் கோபிக்கக் கூடாது. சாப்பாடு போதும். பிறந்தநாள், திவசம், கலியாண நாள் என்று ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று குடும்பம் மத்தியானச் சாப்பாடு தரக் கேட்கிறார்கள், நாங்கள்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒருவரைப் புதன்கிழமைக்கு மாற்றிவிடுகிறோம். நல்ல மனதோடு தருவதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சீனி வருத்தக்காரருக்கு ஒரே கிழமையில் இரண்டு தரம் பாயாசம், பிறகு கேக் வெட்டுகிற பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நின்று போட்டோ. அந்தப் போட்டோ முகநூலில் ஏறுகிறது. தன்னை அதில் கண்ட ஒரு அம்மா, "ஊரெல்லாம் பார்க்கும் தம்பி, நான் இங்க கிடக்கிறது" என்று சொன்னா. அதற்குப் பிறகு போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டோம். இனியும் அப்படித்தான்.

சரி, என்னதான் வேண்டும்?

கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் இருக்கிற எங்கள் இல்லம், சுனாமிக்குப் பிறகு கிடைத்த உதவியில் எழும்பிய ஒற்றை ஹோல். 22 பேரும் அதற்குள்தான். நடுவில் ஒரு பிளைவூட் தட்டி, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், கட்டில்கள் ஆஸ்பத்திரி வார்ட்டுப் போல வரிசையாக. ஒருவர் இருமினால் எல்லாரும் விழிப்பு. உடுப்பு மாற்றக்கூட மறைவில்லை. சாமான்கள் கட்டிலுக்குக் கீழே ஷொப்பிங் பையில், சிலர் பென்ஷன் காசையும் அடையாள அட்டையையும் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள், பூட்டுப் போட ஒரு லாச்சி இல்லாத குறைக்கு.

நம்மட பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகள் கலியாணம் முடிக்கும்போது தாய் தானிருந்த வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு அதே வளவுக்குள் ஒதுங்கிக்கொள்வா, கடைசிவரை மகளின் குசினிதான் அவவின் குசினி. அந்த மகளையே கடல் கொண்டுபோனால்? 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிர்களை இழந்தது நம்மட அம்பாறை மாவட்டம்தானே. இல்லாவிட்டால் வீட்டை விற்று ஏஜென்சிக்குக் கட்டிவிட்டு மகள் வெளிநாடு போயிருப்பாள். வீட்டை எழுதிக் கொடுத்த மனுசிக்கு ஊரில் ஒரு மூலை மிஞ்சாது.

"பிள்ளைகள்மேல் வழக்குப் போடுங்கோ" என்று சிலர் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பெற்றோர் பராமரிப்புக் கேட்டுப் பிள்ளைகளுக்கு எதிராக முறையிடலாம்தான். ஆனால் இங்கே உள்ளவர்களில் பாதிப்பேருக்குப் பிள்ளை உயிரோடு இல்லை, மீதிப்பேரின் பிள்ளைகள் கூலி வேலை. பெற்றதுகளைக் கோட்டுப் படியேற்ற ஒருவரும் சம்மதிக்கவும் இல்லை.

ஆகவே ஹோலைப் பிரிக்கப் போகிறோம். கல்லுச் சுவர் வைத்து 11 அறை, அறைக்கு இரண்டு பேர், யார் யாரோடு என்பதை அவர்களே முடிவு செய்வார்கள் (இப்போதே சண்டை தொடங்கிவிட்டது, அது வேறு கதை). ஆளுக்கொரு சின்ன அலுமாரி, திறப்பு அவர்கள் கையில். மலசலகூடம் இரண்டுக்குக் கமோட்டும் சுவரில் பிடி கம்பியும். வழுக்குகிற மாபிளைக் கழற்றிவிட்டுச் சொரசொரப்பான தரை, ஏனென்றால் இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழும்புவது கஷ்டம்.

எல்லாவற்றிலும் எங்களுக்கு ஆசை குசினியில்தான். பெரிய சமையல் இப்போது நடக்கிற இடத்திலேயே நடக்கட்டும், நாங்கள் கேட்பது அவர்களுக்கென்று தனியாக ஒரு சின்னக் குசினி. வயல் செய்த ஐயா ஒருவர் இருக்கிறார், விடியச் சாமம் நாலு மணிக்கே எழும்பிப் பழகியவர், தேத்தண்ணி வருவது ஆறரைக்கு. அதுவரைக்கும் கட்டிலில் குந்திக்கொண்டு கேற்றைப் பார்த்தபடி இருப்பார். ஒரு காஸ் அடுப்பு, ஒரு கேத்தில், சீனிப் போத்தல், அவ்வளவும் இருந்தால் அவரே ஊற்றிக் குடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்கும் ஒன்று கொடுப்பார். அம்மாமார் தேங்காய் துருவத் திருவலை கேட்கிறார்கள். சம்பல் அரைக்கவும் பிட்டு அவிக்கவும் கை இன்னும் மறக்கவில்லை, "உங்கட சொதி தண்ணி" என்று எங்கள் சமையற்காரரோடு தினமும் வழக்கு. குசினிக்கு வெளியே வெற்றிலை போட ஒரு திண்ணை, வளவில் நாலைந்து கோழி, ஒரு பாத்தி கீரை.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் மறதி நோயுள்ள முதியவர்களுக்காக 2009இல் திறந்த குடியிருப்பில் ஆறேழு பேருக்கு ஒரு வீடு, அந்தந்த வீட்டிலேயே சமையல். கமிற்றியில் இதைச் சொன்னதும் ஒருவர், "அது நெதர்லாந்துக் காசு" என்றார். உண்மைதான். ஆனால் கேத்திலுக்கு நெதர்லாந்துக் காசு தேவையில்லையே.

மேசன் பாஸ் போட்டுத் தந்த கணக்கு மொத்தம் 28 லட்சம் ரூபா. 9 லட்சம் கையில் இருக்கிறது. காசுதான் என்றில்லை: சீமெந்து, கல்லு, மணல், பழைய கதவு, திறப்போடு உள்ள அலுமாரி எதுவும் எடுப்போம். இந்த வருசத் திவசச் சாப்பாட்டுக் காசை அப்படியே ஒரு அறைக்கு மாற்றித் தந்தால் இன்னும் சந்தோசம். பெயர் பொறித்த கல் மட்டும் சுவரில் பதிக்க மாட்டோம், அது அவர்கள் படுக்கிற அறை.

காசு தருகிறவர்கள் இல்ல அலுவலகத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் போகாதீர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள சொந்தக்காரர் மூலம் அனுப்பலாம். வரவு செலவு மாதா மாதம் வாசலில் ஒட்டப்படும். ஐப்பசி மழை பிடித்தால் சீமெந்து வேலை நின்றுவிடும், அதற்கு முதல் சுவர் எழும்ப வேண்டும். அத்திவாரம் வெட்டுவது சனிக்கிழமைகளில், நாங்களே. வருகிற இளைஞர்கள் மண்வெட்டியும் கொண்டு வாருங்கள், இல்லத்தில் இருப்பது இரண்டுதான், அதிலொன்றுக்குப் பிடி இல்லை.