ஊசி குத்த வேண்டாம், கண்ணு

கண்ணு,

குட்டிக்கு ரத்தம் எடுத்து ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்க உடம்பு செய்கிற புரதம், இருக்கிறதா என்று பார்க்கலாமா என நேற்று ராத்திரி நீ வாட்ஸ்ஆப்பில் கேட்டதற்கு போனில் பதில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன். மூக்கில் குச்சி விட்டு எடுத்த சாம்பிளில் ஆர்எஸ்வி என்று, குழந்தைகளுக்குச் சளியும் நெஞ்சு இழுப்பும் கொடுக்கிற அந்த வைரஸ்தான் என்று தெரிந்தாயிற்று, குட்டியும் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது எதற்கு ரத்தம் எடுத்து ஆன்டிபாடி பார்க்க வேண்டும்? வண்ணாரப்பேட்டையில் இருபத்தெட்டு வருஷம் லேபில் நின்றவள் சொல்கிறேன், வேண்டாம். மூன்று மாசக் குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் புறங்கையில் குத்திக் குத்தித் தேடும்போது தாயை வெளியே நிற்கச் சொல்லிவிடுவோம், அது ஏன் என்று உனக்கே புரியும்.

குத்தினாலும் என்ன தெரியப்போகிறது? அவள் ரத்தத்தில் ஓடுகிற ஐஜிஜி என்கிற ஆன்டிபாடி வகை பெரும்பாலும் உன்னுடையது, நஞ்சுக்கொடி வழியாக நீ கொடுத்தனுப்பியது. ரிப்போர்ட்டில் ஒரு எண் வரும், அது யாருடையது என்று அந்த எண் சொல்லாது. நோய் வந்ததும் முதலில் எழும்புகிற ஐஜிஎம் என்கிற இன்னொரு வகை நஞ்சுக்கொடியைத் தாண்டாது, அதனால் அது இருந்தால் குழந்தை தானே உண்டாக்கியதுதான், ஆனால் இந்த வயசில் அதுவும் சரியாக எழும்பாது. வரவில்லை என்றால் நீ இன்னும் நாலு ராத்திரி தூங்க மாட்டாய், அவ்வளவுதான்.

"ஒரு தடவை வந்துவிட்டதே, இனி வராதுதானே" என்று கேட்டாய். வரும். ஆறு மாசத்துக்குள் குழந்தையின் உடம்பு செய்கிற ஆன்டிபாடி கொஞ்சம்தான். உடம்பும் புதுசு, போதாததற்கு உன்னுடையது முந்திக்கொண்டு வைரஸைப் பிடித்துவிடுகிறது, அம்மா ஊட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை எப்போது பிசைந்து சாப்பிடப் பழகும்? நீ கொடுத்ததும் மாசா மாசம் கரைந்து ஆறு மாசத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இரண்டு வயசுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் இது ஒரு தடவையாவது வந்துவிடும். நமக்கும் திரும்பத் திரும்ப வருவதுதான், சளி என்று சொல்லி மிளகு ரசம் வைத்துக் குடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

எண் இருந்தால் போதும் என்றும் நினைக்காதே. 1960களில் அமெரிக்காவில் இதற்கு ஒரு தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள், ஆன்டிபாடி உண்டானது, ஆனால் வைரஸை முடக்குகிற ஆன்டிபாடி இல்லை; ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் இன்னும் கடுமையாக வந்து இரண்டு பிள்ளைகள் இறந்தே போனார்கள். எங்கள் லேபில் புதுசாகச் சேருகிற பெண்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லாமல் விட்டதில்லை.

அப்புறம், ஐந்து வாரம் முந்திப் பிறந்தாளே, அதனால் நீ கொடுத்தது குறைந்திருக்கும் என்று மாப்பிள்ளையிடம் புலம்பினாயாம். குறைந்திருக்கலாம், கடைசி வாரங்களில்தான் அது நிறைய இறங்கும், அதற்கு நீ என்ன செய்வாய்? அமெரிக்காவில் 2023லிருந்து கர்ப்பிணிகளுக்கே 32 முதல் 36 வாரத்துக்குள் தடுப்பூசி போட்டு ஆன்டிபாடியைக் குழந்தைக்கு அனுப்பிவைக்கிறார்கள். உன்னிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, எனக்கும் தோன்றவில்லை, அந்தக் குறை எனக்கும் இருக்கிறது.

நாலு மாசத்தில் உனக்கும் நெஞ்சு இழுத்தது. ராயபுரத்து வீட்டில் உன் முதுகில் காதை வைத்தால் பூனைக்குட்டி போலச் சத்தம் வரும், விலாவுக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு குழி விழும். குட்டிக்கு அந்தக் குழியைப் பார், பால் பாதியாகக் குறைகிறதா, மூத்திரத் துணி நனைகிறதா என்று பார், உதடு நீலம் பாய்ந்தால் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. பாலை நிறுத்தாதே.

மழை முடிந்து தை பிறந்ததும் வா. சளி பிடித்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவேன், உங்கள் அப்பா உட்பட. உன் ஆயா இப்போதே தூபக்காலைத் தேடிக்கொண்டிருக்கிறார், சாம்பிராணி போட வேண்டுமாம். அதைப் பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறேன், நீ சொல்லிக்கொடுத்துவிடாதே.

அம்மா