கெர்னல் பூட் ஆக உதவியவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

பாலக்கோட்டில் நாங்கள் நடத்தும் கணினிப் பயிற்சி மையத்தில், பழைய வைஃபை கருவிக்கு வேண்டிய திருத்தத்தைச் சேர்த்து நாங்களே கம்பைல் செய்த (மூல நிரலிலிருந்து உருவாக்கிய) லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, பூட் ஆகும்போதே (கணினி தொடங்கும்போதே) ‘கெர்னல் பேனிக்’ என்ற, மேலே தொடர முடியாத பிழையோடு நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய உதவிய அனைவருக்கும் மையத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி ஓசூரில் பணிபுரியும் நண்பருக்கு உரியது. திரையில் கடைசிச் சில வரிகளே தங்கின. அதற்கு முன் ஓடி மறைந்தவற்றையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒரு கணினியின் செய்திகளை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் சீரியல் கேபிளுடன் பேருந்தேறி வந்தார். கெர்னலை ஏற்றும் நிரலான கிரப்பில் கெர்னல் வரியின் இறுதியில், செய்திகளை நொடிக்கு 115200 பிட் வேகத்தில் சீரியல் போர்ட்டுக்கு அனுப்பும் குறிப்பைச் சேர்த்து, முழுவதையும் தம் மடிக்கணினியில் பதிவு செய்துகொடுத்தார்.

அந்தப் பதிவை வரிவரியாக வாசித்தவர், தருமபுரியில் கணினி பழுதுபார்க்கும் அம்மையார். ரூட் பகுதி (இயங்குதளக் கோப்புகள் உள்ள வட்டுப் பகுதி) இருக்குமிடம் தெரியவில்லை, ‘0,0’ (எந்தச் சாதனமும் அடையாளம் தெரியவில்லை) என்று கெர்னல் சொன்னது. ஆனால் அதன் கீழேயே ‘எஸ்டிஏ1’ (முதல் வட்டின் முதல் பகுதி) பட்டியலில் இருந்ததை அவர் விரல் வைத்துக் காட்டினார். வட்டு தெரிகிறது, ரூட் எது என்பதை நாம் யூயூஐடி (பகுதிக்குரிய தனி அடையாளக் குறியீடு) வழியே சொல்லியிருக்கிறோம், அதைக் கொண்டு பகுதியைத் தேடித் தருவது கெர்னல் அன்று, இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு), ஆகவே அது ஏற்றப்படவே இல்லை என்றார். எவ்வளவு தெளிவான வாசிப்பு! ரூட்டை நேரடியாக எஸ்டிஏ1 என்று குறித்திருந்த மற்றொரு கணினி ‘8,1’ (எஸ்டிஏ1-ஐக் குறிக்கும் எண்) என்று காட்டியதும் அவர் கருத்தை உறுதிசெய்தது: அங்கே வட்டு கிடைத்துவிட்டது, மாட்யூலாக (கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக) விடப்பட்டு இனிட்ராம்எஃப்எஸ் வழியே வரவேண்டிய எக்ஸ்ட்4, அதாவது அந்தப் பகுதியின் கோப்பு முறையைப் படிக்கும் நிரல், கிடைக்கவில்லை.

கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகுதியில் இடமே இல்லாததால் இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவில்லை என்பதைக் கண்டவர் எங்கள் மாணவி. மாட்யூல்களோடு ஒட்டியிருந்த டீபக் (பிழை தேட உதவும்) தகவல்களை நீக்கி மறுபடி நிறுவியதும் இனிட்ராம்எஃப்எஸ் அளவில் வெகுவாகச் சுருங்கி, இருந்த இடத்திலேயே அடங்கியது; கிரப் பட்டியலைப் புதுப்பித்தபின் இரு கணினிகளும் இயங்கின. பழைய கெர்னலை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள் என்று முன்பே அறிவுறுத்திய பெரியவருக்கும் கடமைப்பட்டுள்ளோம். அதனால்தான் இடையில் வகுப்புகள் தடைபடவில்லை.

அந்தப் பதிவையும் அம்மையாரின் குறிப்புகளையும் அச்சிட்டு மையத்தில் வைத்துள்ளோம். பென்னாகரம், அரூர் பக்கம் இதே வேலையில் இறங்குவோர் வந்து பார்க்கலாம். ஓசூர் நண்பர் எங்களிடமே விட்டுச் சென்ற சீரியல் கேபிளையும் எடுத்துச் செல்லலாம்.

நன்றியுடன்,
பயிற்றுநர்கள், பாலக்கோடு